ஆறடிப் போர்டில் அலை ஏன் பிடிபடவில்லை?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். வயது 27, எடை 72 கிலோ. ஆறு மாதமாக, மாதம் இரண்டு ஞாயிறு சென்னைப் பக்கத்துக் கோவளம் போய் சர்ஃபிங் பழகுகிறேன். அங்கே வாடகைக்குத் தரும் 8 அடி சாஃப்ட் போர்டில் எழுந்து நின்று கரைவரை வந்துவிடுவேன். சொந்தமாக ஒன்று இருக்கட்டும் என்று பழைய ஃபைபர் போர்டு ஒன்றை மலிவாக வாங்கினேன். அடியில் 6'1" × 18¾ × 2⅜ என்று எழுதியிருக்கிறது. மூன்று தடவை கொண்டுபோயும் ஒரு அலைகூடப் பிடிக்கவில்லை. கையால் எவ்வளவு துழாவினாலும் நகர மாட்டேன் என்கிறது. தப்பித்தவறி நகர்ந்தால் மூக்கு குத்திக் கவிழ்த்துவிடுகிறது. தப்பு என்மேலா, போர்டுமேலா? மொட்டைமாடி தகர ஷெட்டில் வைத்திருக்கிறேன், அதனால் கெடுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். ஆமாம், கெடும். இதைப் படித்து முடித்ததும் மாடியேறிப் போர்டைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். காரணம் பிறகு.

தப்பு உங்கள்மேலும் இல்லை, போர்டுமேலும் இல்லை. போர்டு வேறொருவருக்காகச் செய்தது. உங்களைவிட ஐந்தாறு வருடம் கூடுதலாக அலையில் கிடந்தவருக்கு அது நல்ல போர்டாகவே இருந்திருக்கும். அடியில் எழுதியிருக்கும் மூன்று எண்ணும் நீளம், அகலம், கனம். அவற்றைக் கொண்டு கொள்ளளவைத் தோராயமாக நீங்களே கணக்கிடலாம். 6 அடி 1 அங்குலம் என்றால் 73 அங்குலம். 73 × 18.75 × 2.375 பெருக்கினால் ஏறத்தாழ 3,250 கன அங்குலம் வரும். 61-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும்: 53. ஆனால் போர்டு செங்கல் மாதிரிப் பெட்டி வடிவம் இல்லை. இரு முனையும் கூம்பி, ஓரம் மெலிந்திருக்கும். அதனால் உங்களுடையது போன்ற ஷார்ட்போர்டுக்கு 0.54-ஆலும், அகலமான உருண்டை மூக்குப் போர்டுக்கு 0.57-ஆலும் பெருக்க வேண்டும். உங்கள் போர்டு சுமார் 29 லிட்டர்.

இதை உடல் எடையோடு வைத்துப் பாருங்கள். 72 கிலோவுக்கு 29 லிட்டர் என்றால் கிலோவுக்கு 0.4 லிட்டர். தேர்ந்தவர்கள் ஓட்டும் அளவு அது. நீங்கள் பழகிய 8 அடி சாஃப்ட் போர்டு 70 லிட்டருக்குக் குறையாது, அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய 1. ஒரே தாவலில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டீர்கள். நடுவில் இருக்கும் படிதான் உங்களுக்கு வேண்டும்: கிலோவுக்கு 0.7 முதல் 0.75, அதாவது 50 முதல் 54 லிட்டர். 7'6" × 22 × 2⅞ அளவுள்ள மினிமால் (அகலமான, உருண்டை மூக்கு) வகைப் போர்டு இந்தக் கணக்கில் 53 லிட்டர் வரும். மாதம் இரண்டு நாள் மட்டும் கடலைப் பார்ப்பவருக்கு இதைவிடச் சின்னது வேண்டாம். தினமும் இறங்கும் கோவளத்துப் பையன் ஆறு மாதத்தில் சின்னப் போர்டுக்கு மாறியதைப் பார்த்து உங்களை அளக்காதீர்கள். உங்கள் ஆறு மாதம் என்பது பன்னிரண்டு நாள்.

லிட்டர் குறைந்தால் அலை ஏன் பிடிபடுவதில்லை? ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸோடு கொஞ்ச தூரம் ஓடி, அதன் வேகத்தை ஓரளவு எட்டினால்தான் கம்பி கைக்குச் சிக்கும். அலையும் அப்படித்தான். 29 லிட்டர் போர்டை முழுக்கத் தண்ணீரில் அழுத்தினால், அது கடல்நீரில் தூக்கும் சுமை சுமார் 30 கிலோ. அதன் சொந்த எடையைக் கழித்தால் இன்னும் குறைவு. ஆகவே நீங்கள் படுத்ததும் போர்டு தண்ணீருக்குள் இறங்கி, உங்கள் மார்பும் வயிறும் கடலை உழுதுகொண்டு போகின்றன. எவ்வளவு துழாவினாலும் வேகம் வராது. அலை உங்களைத் தாண்டிப் போய்விடும்.

மூக்கு குத்துவதும் இதே நோயின் இன்னொரு அறிகுறி. பெரிய போர்டில் இருந்தபோது, அலை சரிவாக எழும்பும் கட்டத்திலேயே வேகம் பிடித்து நழுவ ஆரம்பித்தீர்கள். இப்போது வேகம் போதாததால், அலை செங்குத்தாகி உடையப்போகும் கடைசி நொடியில்தான் அது போர்டைத் தள்ளுகிறது. அந்தச் சுவரில் போர்டு தலைகீழாக இறங்குகிறது. எழுந்து நிற்க நேரமில்லை, மூக்கு புதைகிறது. அடுத்த தடவை பயந்து ஒரு சாண் பின்னால் தள்ளிப் படுப்பீர்கள். அப்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், வால் தண்ணீரை இழுக்கும், மறுபடி வேகம் போச்சு. முன்னால் போனால் குத்துகிறது, பின்னால் போனால் நகரவில்லை என்ற ஊசலாட்டம் யாரிடம் தெரிந்தாலும் லிட்டரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

லிட்டரோடு விஷயம் முடிவதில்லை. ஒரே 50 லிட்டரை இரண்டு விதமாகப் பரப்பலாம். மினிமாலில் மிக அகலமான இடம் நடுவுக்குச் சற்று முன்னால், மார்பு பதியும் பக்கம் இருக்கும். அதனால் படுத்துத் துழாவுவது சுலபம். ஷார்ட்போர்டில் அது நடுவிலோ சற்றுப் பின்னாலோ இருக்கும். பின்காலால் அழுத்தித் திருப்புவதற்குத் தோதான அமைப்பு அது, படுத்திருப்பவருக்கு உதவாது. அகலம் பக்கவாட்டு ஆட்டத்தையும் தீர்மானிக்கிறது. 18¾ அங்குலத்தில் எழும்போது கால் நடுக்கோட்டை விட்டு இரண்டு விரல் தள்ளி விழுந்தாலே போர்டு சாய்ந்துவிடும். 22 அங்குலம் அந்தத் தப்பைப் பொறுத்துக்கொள்ளும்.

அடுத்தது ராக்கர், அதாவது பக்கத்திலிருந்து பார்த்தால் மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும் அளவு. கோவளம் கரையில் கிடக்கும் கட்டுமரத்தைப் பாருங்கள், முன்மரங்கள் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். உடைகிற அலையில் முனை புதையாமல் ஏறிப் போவதற்கு அந்த வளைவு. சர்ஃப் போர்டிலும் நோக்கம் அதுவே, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. தட்டைக் கல்லை ஏரியில் படுக்கவாட்டில் வீசினால் தத்தித் தத்திப் போகும். உருண்டைக் கல் முங்கிவிடும். போர்டும் நீரின்மேல் தட்டையாகப் படிந்தால் வழுக்கி ஓடும். வளைவு கூடக்கூட முன்னால் இருக்கும் நீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். வளைவு கூடிய போர்டுக்கு வேகமாய்ப் பாயும் செங்குத்து அலை வேண்டும். நம் கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வருவதெல்லாம் பெரும்பாலும் சின்ன, சோம்பல் அலை. அதற்கு நடுப்பகுதி தட்டையான போர்டே சரி. மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வரும் அலைக்கு வலு கூடும். அப்போதும் காலை நேரம்தான் உங்களுக்கு. மதியத்துக்குமேல் கடல்காற்று ஏறினால் நீர்ப்பரப்பு கலைந்துவிடும்.

ராக்கரை வீட்டிலேயே அளக்கலாம். போர்டைக் கவிழ்த்துப் போட்டு, கொத்தனார் வைத்திருக்கும் நீள அலுமினியச் சட்டத்தை அடிப்பக்கத்தின் நடுக்கோட்டில் வையுங்கள். மூக்கிலும் வாலிலும் சட்டத்துக்கும் போர்டுக்கும் நடுவே எத்தனை அங்குலம் இடைவெளி என்று பாருங்கள். சாதாரண ஷார்ட்போர்டில் மூக்குப் பக்கம் 5 அங்குலத்தை ஒட்டியும் வால் பக்கம் இரண்டரையை ஒட்டியும் வரும். வாங்கப்போகும் போர்டில் முனை எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதைவிட, நடுவில் சட்டம் எவ்வளவு நீளத்துக்கு ஒட்டி உட்காருகிறது என்று கவனியுங்கள். நீங்கள் படுத்துத் துழாவும்போது வேலை செய்வது அந்தப் பகுதி.

ரெயில் என்பது போர்டின் விளிம்பு. உருண்ட விளிம்பில் தண்ணீர் வளைந்து ஒட்டி மேலேறும். போர்டு அலையோடு ஒட்டி நிதானமாகப் போகும். கூரான விளிம்பில் தண்ணீர் சட்டென்று பிரியும். வேகம் வரும், பிடிப்பும் மாறும். அதனால் பெரும்பாலான போர்டுகளில் முன்பகுதி உருண்டையாகவும் வாலருகே கூராகவும் செதுக்குவார்கள். முன்பகுதியிலும் கூர் இருந்தால் தொடக்கநிலையில் இருப்பவரை அது அடிக்கடி தட்டிவிடும். விரலை ஓரத்தில் ஓட்டிப் பார்த்தாலே தெரியும்.

வால் வடிவத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம், உங்கள் கட்டத்தில் அதனால் வரும் வித்தியாசம் குறைவு. அகன்ற வால் சின்ன அலையில் தூக்கிக் கொடுக்கும், கூரிய வால் பெரிய அலையில் பிடித்து நிறுத்தும். இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஃபின் என்பது போர்டின் அடியில் வாலருகே நிற்கும் சிறகு. இந்த விஷயத்தில் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் பழைய போர்டில் நடக்கும் ஒரு தப்பு அங்கே ஒளிந்திருக்கும். இன்று எங்கும் காணும் மூன்று ஃபின் அமைப்பை ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் பிரபலமாக்கினார். 1981-இல் பெல்ஸ் பீச் போட்டியை அதை வைத்து வென்றார். இதில் நடு ஃபின் இருபுறமும் ஒரேமாதிரி இருக்கும். முன் இரண்டும் அப்படியில்லை. உட்பக்கம் தட்டை, வெளிப்பக்கம் புடைப்பு, முனை போர்டின் மூக்கைப் பார்த்து லேசாக உட்சாய்வு. கழற்றி மாட்டும்போது இடதையும் வலதையும் மாற்றிப் போட்டுவிட்டால் புடைப்பு உள்ளே போய்விடும். போர்டு இழுக்கும், திருப்பம் அசட்டுத்தனமாக இருக்கும். காரணம் தெரியாமல் போர்டையே விற்றவர்கள் உண்டு. உங்களுடையதையும் ஒருமுறை பாருங்கள். சரியாக இருந்தாலும் 29 லிட்டர் 50 ஆகாது, ஆனால் விற்கும்போது உதவும். புதிதாக வாங்கினால் உங்கள் எடைக்கு மீடியம் அளவு. ஃபின்னை மாட்டும் திருகாணியை விரல் இறுக்கத்துக்குமேல் கால் சுற்று போதும், முறுக்கினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மரை வழுக்கிவிடும்.

இப்போது தகர ஷெட். மே மாதம் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்; தகரத்துக்கு அடியில் அதற்கும் மேல். போர்டுக்குள் இருப்பது நுரை, மேலே ரெசினில் ஊறிய கண்ணாடியிழை. சூட்டில் நுரைக்குள் இருக்கும் காற்று விரியும், ரெசின் இளகும், இரண்டுக்கும் நடுவே ஒட்டு விட்டுப்போகும். அப்பளம் மாதிரி மேல்தோல் உப்பும். அதை ஊசி குத்திச் சரிசெய்ய முடியாது, அறுத்துத்தான் ஒட்ட வேண்டும். வெள்ளைத் தெர்மோகோல் வகை நுரையில் செய்த எப்பாக்ஸி போர்டுக்கு இந்த ஆபத்து அதிகம். வீட்டுக்குள், ஜன்னல் வெயில் படாத சுவரோரம், பழைய போர்வைமேல் பக்கவாட்டில் நிறுத்துங்கள். பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வாலாஜாபேட்டையில் டிபனுக்கு நிறுத்தும் அரைமணி நேரமே போதும். கட்டாயம் என்றால் வெள்ளிநிற உறை போட்டு நிழலில். கால் வழுக்காமலிருக்கப் போர்டின்மேல் தேய்க்கும் மெழுகான வேக்ஸை ஊருக்குக் கிளம்புமுன் சுரண்டி எடுத்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் இருக்கையெல்லாம் பிசுக்கு. மிச்சத்துக்குத் தேங்காயெண்ணெய் தொட்ட துணி. நம் கடலுக்கு டிராப்பிகல் என்று குறித்த வேக்ஸ் மட்டுமே நிற்கும்; குளிர்நீருக்கானது மலிவாகக் கிடைத்தாலும் பத்து நிமிடத்தில் உருகிப் போகும்.

இந்த 6'1"-ஐ என்ன செய்வது? முதலில் போர்டின் உடம்பைப் பாருங்கள். மார்பு படும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கும் இடம் இருந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் அங்கே சத்தம் மட்டும் பொத்தென்று மாறும். அடிப்பக்கத்தில் குறுக்காக ஓடும் கோடு இருந்தால், ஒருமுறை மடங்கிய போர்டு. எப்போது வேண்டுமானாலும் இரண்டாகும். ஃபின் பெட்டியைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருந்தால் தண்ணீர் புகும். பழுப்புத் திட்டு, ஏற்கெனவே புகுந்ததற்கு அடையாளம். வெடிப்பை அடைக்குமுன் நன்றாக உலரவிடுங்கள், ஈரத்தை உள்ளே பூட்டினால் அழுகல்தான். எந்த நுரை என்று தெரியாவிட்டால் எப்பாக்ஸி ரெசினையே பயன்படுத்துங்கள், அது தெர்மோகோல் வகையிலும் மற்ற வகையிலும் ஒட்டும். பாலியெஸ்டர் ரெசின் தெர்மோகோல் வகை நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். கார் பம்பர் ஒட்டும் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர். கேட்டு வாங்குங்கள்.

பழுதில்லையென்றால் விற்க அவசரம் வேண்டாம், இடம் இருந்தால் சுவரோரம் கிடக்கட்டும். 7'6"-இல் உடையாத பச்சை அலையை நீங்களாகவே பிடித்து, வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்பிப் போகப் பழகிய பின், இடையில் 40 லிட்டர் அளவில் ஒன்றைப் பார்த்துவிட்டு இதைத் தொடலாம். மினிமாலைக்கூட உடனே வாங்காதீர்கள். கோவளத்தில் வாடகைக்குக் கிடைக்கும், 7 அடியிலிருந்து 8 அடிக்குள் இரண்டு மூன்றை மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தபின் கை எதற்குப் பழகுகிறதோ அதன் அளவை எழுதிக்கொள்ளுங்கள். வாங்கினால் 7'6" என்பது 2.29 மீட்டர், சின்ன காருக்குள் அடங்காது. கூரைமேல் மெத்தைப் பட்டை போட்டு, ஃபின்னைக் கழற்றி, அடிப்பக்கம் மேலே பார்க்க வைத்துப் பட்டையால் கட்டுங்கள். நைலான் கயிற்றை இறுக்கினால் ரெயில் நொறுங்கும்.

பழைய போர்டோடு வந்த 6 அடி லீஷை (போர்டையும் காலையும் இணைக்கும் கயிறு) மட்டும் புதியதில் மாட்டாதீர்கள். லீஷ் போர்டின் நீளத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் விழுந்த மறுநொடி போர்டு துள்ளித் திரும்பி உங்கள் முகத்துக்கே வரும். 7'6"-க்கு 8 அடி லீஷ்.