பாலி கல்யாணம்: அறை எங்கே, அம்மா நகை எப்படி?

வணக்கம் சகோதரி. பாலியில் கல்யாணம் உலுவாத்துவில், உபுட்டில் அறை மலிவு, அம்மா நகையோடு சென்னையிலிருந்து வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

உபுட் வேண்டாம். வரைபடத்தில் பக்கம் போலத்தான் இருக்கும். நெரிசலில் இரண்டு மணி நேரம் போய்விடும். பட்டுப்புடவையோடு காரில் தவிக்க வேண்டாம். உலுவாத்து பக்கமுள்ள ஜிம்பரானில் அறை போடுங்கள், விமான நிலையமும் கிட்டத்தான். உபுட்டைக் கல்யாணம் முடிந்து நிதானமாகப் பார்க்கலாம்.

நகை விஷயத்தில்தான் கவனம் தேவை. கிளம்பும்போதே சென்னை விமான நிலையச் சுங்கத்தில் நகையைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் (நகை இங்கிருந்தே கொண்டுபோனதுதான் என்பதற்கான சான்று) வாங்கிவிடுங்கள். பில், நகையின் படம் கையில் இருக்கட்டும். அதற்காக ஒரு மணி நேரம் முன்கூட்டியே போங்கள். நான் ஒருமுறை அதை வாங்காமல் போய், திரும்பும்போது அக்காவின் ஆரம் பழையதுதான் என்று காட்ட, அவள் கல்யாண ஆல்பத்தைப் போனில் தேடிக்கொண்டு நின்றேன். நகையைப் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில்தான்.

விசா இறங்கியதும் கிடைக்கும்: 5,00,000 இந்தோனேசிய ரூபியா, 30 நாள். சுற்றுலா வரி தனியாக 1,50,000 ரூபியா. இரண்டையும் முன்பே இணையத்தில் கட்டிவிட்டால் வரிசை மிச்சம். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்ல வேண்டும். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். முகூர்த்த நேரம் எந்த ஊர்க் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், உலுவாத்து கோயிலுக்குப் போனால் அம்மாவின் மூக்குக் கண்ணாடி பத்திரம். அங்குள்ள குரங்குகள் அதைப் பிடுங்கிக்கொண்டு, பழம் கொடுத்தால்தான் திருப்பித் தரும்.