ஸ்டார்ட் பொத்தானுக்குப் பக்கத்தில் இரட்டைக் கோடு

சம்மாந்துறையில் அரிசி ஆலை ஒன்றில் மின் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்:

"முதலாளி நெல்லை மேலே தூக்கும் பழைய எலிவேட்டர் ஒன்றை அதன் கொன்ட்ரோல் பேனலோடு வாங்கி வந்திருக்கிறார். அமெரிக்காவில் செய்தது. வரைபடத்தில் ஸ்டார்ட் பொத்தானுக்குப் பக்கத்தில் இரண்டு நேர்கோடு போட்டிருக்கிறது. கண்டென்சர் என்று நினைத்துப் பேனல் முழுக்கத் தேடினேன், இல்லை. அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோர்ட்டரின் வரைபடத்திலோ, மோட்டருக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் கொன்டாக்டருக்கு 'கியூஏ1' என்று போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு டெக்னிக்கல் கொலிஜில் 'கே1' என்றுதான் படிப்பித்தார்கள். எது சரி? இனி நான் வரைவதென்றால் எதைப் பார்த்து வரைவது?"

தம்பி, நீங்கள் தேடிய கண்டென்சர் அந்தப் பேனலில் இருக்காது. அமெரிக்க வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நேர்கோடு வந்தால் அது சாதாரணமாகத் திறந்திருக்கும் கொன்டாக்ட், அதாவது கரண்ட் போகும் வழியைத் திறந்து மூடும் தொடுமுனை. அவற்றுக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு போட்டிருந்தால் சாதாரணமாக மூடியிருக்கும் கொன்டாக்ட். ஸ்டார்ட் பொத்தானுக்குச் சமாந்தரமாக இருப்பதால், பொத்தானை விட்ட பிறகும் கொன்டாக்டரைப் பிடித்து வைக்கும் ஹோல்டிங் கொன்டாக்ட் அது. அவர்கள் கண்டென்சர் வரையும்போது பெரும்பாலும் ஒரு கோட்டை வளைத்துப் போடுவார்கள். நெளிநெளியாக ஒரு கோடு போனால் அது ரெசிஸ்டர். நீங்கள் படித்த முறையில் அதற்கு நீள்சதுரம். வட்டத்துக்குள் 'சிஆர்' என்றிருந்தால் கொன்ட்ரோல் ரிலேயின் கொயில், அதாவது சிறு கரண்டால் இயங்கும் சுவிட்சை இழுக்கும் காந்தச் சுருள். கொன்டாக்டுக்குப் பக்கத்தில் 'ஓஎல்' என்றிருந்தால் ஓவர்லோட், மோட்டர் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்தும் ரிலே. இந்தக் குறியீடுகளைச் சொன்ன ஐட்ரிபிள்ஈ (மின் பொறியியலாளர் சங்கம்) 315 என்ற தரம் 1975இல் வந்தது, 2019இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் அதன்படி வரைந்த இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன, அதனால் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் படித்தது ஐ.இ.சி. முறை. 1906இல் தொடங்கிய சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் முறை அது. வரைபடக் குறியீடுகள் ஐ.இ.சி. 60617இல் இருக்கின்றன. எந்த முறையானாலும் ஒன்றை மறக்காதீர்கள்: வழமையாக மின்சாரம் இல்லாத, யாரும் அழுத்தாத நிலையில்தான் கொன்டாக்டை வரைவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு வரைபடத்தை வாசித்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும்.

குறியீட்டின் உருவத்தில் சந்தேகம் வந்தால் நான் முனை எண்ணைத்தான் நம்புவேன். மெயினை நிறுத்திப் பூட்டுப் போட்டுவிட்டு, கொன்டாக்டரின் முகத்தில் படிந்த தவிட்டுத் தூசியைத் தூரிகையால் தட்டிப் பாருங்கள். கொயிலுக்கு ஏ1, ஏ2. மோட்டருக்குப் போகும் மூன்று பெரிய சோடிகளுக்கு 1-2, 3-4, 5-6. துணைக் கொன்டாக்டுகளுக்கு 13-14, 21-22 போல இரண்டு இலக்க எண். அதில் கடைசி இலக்கம்தான் பேசும்: 3-4 என்று முடிந்தால் திறந்திருப்பது, 1-2 என்று முடிந்தால் மூடியிருப்பது. முதல் இலக்கம் எத்தனையாவது சோடி என்பது மட்டும். ஓவர்லோட் ரிலேயில் 95-96 மூடியிருக்கும், ட்ரிப் ஆனால் திறக்கும்.

படுவான்கரைப் பக்கம் ஒரு ஆலையில் மெயினைப் போட்டதும் கொன்டாக்டர் 'டக டக' என்று அடித்துக்கொண்டே இருந்தது. கொயில் பழுது என்று எனக்கு முன்னால் வந்தவர்கள் இரண்டு கொயில் மாற்றியிருந்தார்கள். ராத்திரி டோர்ச் வெளிச்சத்தில் வயரை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தால், 13-14இல் வரவேண்டிய ஹோல்டிங் வயர் 21-22இல் பூட்டியிருந்தது. மூடியிருக்கும் கொன்டாக்ட் வழியாகக் கொயிலுக்குக் கரண்ட் போகிறது, இழுக்கிறது, இழுத்ததும் அந்தக் கொன்டாக்ட் திறக்கிறது, விழுகிறது, மறுபடி இழுக்கிறது. கதவுக்குள் ஒரு தாள் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை.

சரி, கே1, கியூஏ1 விசயம். இரண்டும் வேறு வேறு காலத்து எழுத்துகள், அவ்வளவுதான். ஐ.இ.சி. 60750 (1983) கொன்டாக்டர், ரிலே இரண்டையும் 'கே'யில் வைத்தது. இப்போதுள்ளது ஐ.இ.சி. 81346இன் 2ஆம் பகுதி. 2009இல் வந்து 2019இல் திருத்தப்பட்டது. பொருள் என்ன வேலை செய்கிறது என்பதை வைத்து அது எழுத்துக் கொடுக்கிறது. மோட்டருக்குப் போகும் சக்தியைத் திறந்து மூடுவது 'கியூ'. சிக்னலைக் கையாளும் ரிலே 'கே'. பாதுகாப்புக்கு 'எஃப்', கையால் அழுத்தும் பொத்தானுக்கு 'எஸ்'. முன்பு 'எச்' ஆக இருந்த சிக்னல் லைட் இப்போது 'பி' (P). எழுத்துக்கு முன்னால் வரும் குறியும் வீணில்லை: '=' எந்த வேலைக்கு, '+' எங்கே இருக்கிறது, '-' எந்தப் பொருள், ':' எந்த முனை. ஆக '+பி2-கியூஏ1:ஏ1' என்றால், பி2 என்று பெயரிட்ட இடத்தில் இருக்கும் கியூஏ1 கொன்டாக்டரின் ஏ1 முனை. பெரிய ஆலையில் ஆளுக்கு ஆள் போனில் கத்திக் கேட்கும்போது இதன் அருமை தெரியும்.

நீங்கள் வரைவதென்றால் ஐ.இ.சி. குறியீடுகளும் 81346 எழுத்துகளும். தாளை எப்படி அமைப்பது என்பது 61082இல் இருக்கிறது. இவை காசு கொடுத்து வாங்க வேண்டியவை. 60617இல் 1,900 அளவில் குறியீடுகள் இருந்தாலும் ஆலை வேலைக்கு முப்பது நாற்பது போதும், கொன்டாக்டர் கம்பனிகளின் இலவசக் கட்டலொக்கிலேயே அவை கிடைக்கும். ஒரே தாளில் அமெரிக்க முறையையும் இதையும் மட்டும் கலக்காதீர்கள். இயந்திரத்தின் உடம்பில் ஒட்டியிருக்கும் குறிகள், உதாரணமாக இரட்டைக் காப்புக்கான சதுரத்துக்குள் சதுரம், 60417 என்ற வேறு தொகுப்பு. அவற்றை வரைபடத்தில் தேட வேண்டாம்.

வயர் நிறத்தையும் தாளில் எழுதுங்கள். பழைய வயரிங்கில் நீலம் மூன்றாவது பேஸ், கறுப்பு நியூட்ரல். புதியதில் நீலம் நியூட்ரல், கறுப்பு பேஸ். அமெரிக்கப் பேனலில் வெள்ளைதான் நியூட்ரல். மூன்றும் உங்கள் ஆலையில் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். நிறத்தை நம்பிக் கை வைக்க வேண்டாம் தம்பி, மீட்டர் வைத்துப் பாருங்கள்.

முதல் வேலையாக அந்த எலிவேட்டர் பேனலையே மறுபடி வரையுங்கள். ஒவ்வொரு வயரின் இரு முனை எண்ணும், தேதியும், உங்கள் பெயரும் தாளில் இருக்கட்டும். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். அதன் பின்னால் அந்த அமெரிக்கத் தாளையும் வையுங்கள்.