பீரோவுக்குப் பின்னால் ஒரு கைத்தடி

கேள்வி: எனக்கு வயது 26. சேலத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் மூன்று ஆண்டுகளாக ஜூனியராக இருக்கிறேன். 2023-இல் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்த தொழிலாளிக்காக இழப்பீட்டு வழக்கு நடத்துகிறோம். அப்போது அவருக்கு வயது 50. கணுக்காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். சம்பளம் 12,000 ரூபாய்தான். 15,000 என்று சொல்லச் சொல்லியிருக்கிறார் சீனியர். அதிகமாக விந்தி நடக்கவும் பழக்கியிருக்கிறார். வாய்தா அன்று ஆபீஸ் பீரோவுக்குப் பின்னால் இருக்கும் கைத்தடியை எடுத்துக் கொடுப்பேன், மாலையில் வாங்கி வைப்பேன். கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு சீனியருக்கு. அடுத்த மாதம் அவரைக் கூண்டில் ஏற்றி, எங்கள் தரப்புக் கேள்விகளைக் கேட்டு முதல் விசாரணை செய்யப்போவது நான். தொழில் கற்றுக்கொடுத்தவரை விட்டு விலகினால் நன்றிகெட்டவள் ஆகிவிட மாட்டேனா? எஸ்டேட்டில் கவாத்து வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தவர் என் அப்பா.
— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: என் மகள் வயதுக்காரி. அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். நன்றி, குரு எல்லாம் பிறகு. அந்தக் கைத்தடி யாருடையது?

அந்தப் பெரியவருடையது என்றால் அவர் வீட்டு மூலையில் சாய்ந்திருக்கும். உங்கள் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது என்றால் அவருக்கு முன்பே பல கைகள் அதைப் பிடித்திருக்கின்றன. இன்று ஆபீசுக்குப் போனதும் எடுத்துப் பார். பிடி வழவழவென்று தேய்ந்திருக்கும். அடியில் இருக்கிற ரப்பர் மட்டும் புதிது போல இருக்கும். வாசலிலிருந்து கூண்டு வரை நடந்தால் எவ்வளவு தேயும்? உண்மையில் ஊன்றி நடக்கிறவர் தடியைத் தன் உயரத்துக்கு வெட்டி வைத்துக்கொள்வார். அடுத்தவர் தடி அவருக்குச் சரிப்படாது. எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கண் இருந்தால் இது போதும். அஸ்தம்பட்டியில் தடியில்லாமல் ஏற்காடு பஸ் ஏறுகிறவரை யாராவது செல்போனில் படம் பிடித்தால் அதைவிட நல்லது, அவர்களுக்கு.

சொல்லச் சொன்னதும் பழக்கியதும் சீனியர் என்று எழுதியிருக்கிறாய். கைத்தடி பற்றிய வரியில்தான் ‘கொடுப்பேன், வாங்கி வைப்பேன்’ என்று உன்னைப் பற்றி வருகிறது. வந்தவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தது போல எழுதிவிட்டாய். மனம் உறுத்துகிறது என்றுகூட இல்லை.

பிரமாணம் எடுத்துப் பொய் சொல்லப்போகிறவர் அந்தப் பெரியவர். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தின் 229-ஆவது பிரிவில் பொய்ச் சாட்சிக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு என்பது உனக்குத் தெரியும், அவருக்குச் சொன்னீர்களா? அந்த 15,000 எங்கிருந்து வந்தது என்பதும் உனக்குத் தெரியும். கணக்குப் போட 2020-இல் சட்டம் வைத்த மாதச் சம்பள உச்சவரம்பு அது. உச்சத்தைத் தொட்டால் மூன்றில் ஒரு பங்கும் பருக்கும் அல்லவா? வழக்கில் கிடைப்பதில் பங்கு பேசக்கூடாது என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. அந்தப் பங்குக்காக வாங்கி வைத்த தடி இது.

எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், பொய்யே தேவைப்படாத வழக்கு இது. முழு இழப்புக்குச் சட்டப்படி கணக்குப் போட்டால், 12,000-இல் 60 சதவீதம் 7,200. ஐம்பது வயதுக்கு, விபத்து நடந்தபோது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை தருகிற எண் 153.09. பெருக்கினால் 11,02,248 ரூபாய். சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனது என்று டாக்டர் எழுதினால் அதில் 3,30,674. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி தனி. ஆனால் டாக்டரின் சதவீதத்தோடு முடிந்துவிட வேண்டுமா? முழங்கைக்கு மேல் இடது கை போன தச்சருக்கு, இனித் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் முழு இழப்பு என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பிளேட் வைத்த காலோடு சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணியில் ஏறி மிளகு பறிக்க முடியுமா? இதை வாதாடு. வெல்வாயா என்பது வேறு. வாதாடத்தானே கோட்டுப் போட்டிருக்கிறாய். ஆபரேஷன் பில்களை மனுவில் சேர்த்தீர்களா? 2009 திருத்தத்துக்குப் பிறகு மருத்துவச் செலவும் முதலாளி தலையில்தான். நடக்கப் பழக்கிய நேரத்தில் பில்களைக் கேட்டு வாங்கியிருக்கலாம்.

இப்போது நன்றி. மூன்று ஆண்டு கட்டுத் தூக்கி, வாய்தாவுக்கு ஓடி, உழைத்துத்தான் கற்றாய். அந்தக் கடன் தீர்ந்தது. உன் அப்பாவின் கடன் தீரவில்லை. நான் பழைய காலத்து ஆள்; கூலி வேலை செய்து படிக்க வைத்த தகப்பனுக்குப் பிள்ளை பட்ட கடன் சம்பளக் கவரில் தீராது என்று நினைக்கிறவள். அவர் மரத்திலிருந்து விழுந்திருந்தால், இன்னொரு ஜூனியர் இதே தடியை அவர் கையில் கொடுத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போ. அந்தப் பெரியவரிடம் உண்மைச் சம்பளத்தைச் சொல்லச் சொல். திங்கள் காலை சீனியரிடம், மனுவைத் திருத்தினால் விசாரணை செய்கிறேன், இல்லையென்றால் மாட்டேன் என்று நேரே சொல். அவர் மறுத்தால் வெளியே வா. பார் கவுன்சிலுக்கு எழுதுவது அடுத்த கேள்வி. எழுதினால் தடியை எடுத்துக் கொடுத்தவள் யார் என்பதையும் அதில் எழுத வேண்டியிருக்கும்.

அப்படியே உன் வீட்டுக்கும் போ. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று நீ எழுதவில்லை; தெரியாது என்றே எடுத்துக்கொள்கிறேன். சொல். திட்டி முடிக்கட்டும். பிறகு, கணுக்கால் உடைந்தவன் எஸ்டேட் சரிவில் இறங்கும்போது எந்தக் காலை முன்னால் வைப்பான், மூட்டையை எந்தத் தோளுக்கு மாற்றுவான் என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள். முதல் விசாரணைக்கு உனக்கு வேண்டிய கேள்விகள் அவை.