செவ்வாய்க்காரர்கள் ஏன் லண்டனுக்கு வந்தார்கள்?

கேள்வி: ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸின் ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாவல் எந்தப் பின்னணியில் எழுதப்பட்டது? இவ்வளவு காலம் கழித்தும் அதைப் பற்றி ஏன் பேசுகிறார்கள்?

வேற்றுக்கிரகவாசிகள் பூமியைத் தாக்கும் கதை என்றுதான் இந்த நாவலை வழக்கமாக அறிமுகப்படுத்துவார்கள். செவ்வாயிலிருந்து உருளைகள் வந்து விழுகின்றன. அவற்றிலிருந்து மூன்று கால் எந்திரங்கள் எழுந்து நிற்கின்றன. வெப்பக் கதிரும் கரும்புகையும் தென் இங்கிலாந்தைப் பொசுக்குகின்றன. ஆனால் முதல் அத்தியாயத்தை நிதானமாகப் படித்தாலே வெல்ஸ் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பது புரிந்துவிடும். செவ்வாய்க்காரர்களைத் திட்டுவதற்கு முன் நம் இனம் செய்ததை நினைத்துப் பாருங்கள் என்கிறார். ஆஸ்திரேலியாவை ஒட்டிய டாஸ்மேனியத் தீவின் பழங்குடிகளை ஐரோப்பியக் குடியேறிகள் 50 ஆண்டுகளில் அழித்தார்களே, அதே மனதோடு செவ்வாய்க்காரர்கள் வந்தால் நாம் எந்த வாயால் குறை சொல்வது என்று கேட்கிறார். (டாஸ்மேனியர்கள் அடியோடு அழிந்துவிட்டதாக அன்று இங்கிலாந்தில் நம்பினார்கள். அது தவறு, அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள்.)

எந்த நேரத்தில் இதைக் கேட்டார் என்பது முக்கியம். ‘பியர்சன்ஸ் மேகசின்’ இதழில் இது தொடராக வந்தது 1897இல். அதே ஆண்டு ஜூனில்தான் விக்டோரியா மகாராணியின் வைர விழா. இந்தியக் குதிரைப்படை உட்பட பேரரசின் பல மூலைகளிலிருந்து வந்த படைகள் லண்டன் வீதிகளில் அணிவகுத்தன. அந்த லண்டனைத்தான் வெல்ஸ் தொடரில் காலி செய்துகொண்டிருந்தார். லட்சக்கணக்கான மக்கள் மூட்டை முடிச்சுகளோடு சாலைகளில் முண்டியடித்து ஓடுகிறார்கள். ஆளப்பட்ட நாட்டில் பிறந்த நமக்கு இந்த அத்தியாயங்களைப் படிக்கும்போது கூடுதலாக ஏதோ உறைக்கத்தான் செய்யும்.

கரு அவருடைய அண்ணன் ஃபிராங்க் கொடுத்தது. இருவரும் சர்ரே பகுதியில் நடந்துகொண்டிருந்தபோது, வேறொரு கிரகத்து உயிர்கள் திடீரென்று வானத்திலிருந்து இறங்கி இங்கே இருப்பவர்களைத் தாக்கினால் எப்படி இருக்கும் என்று ஃபிராங்க் கேட்டிருக்கிறார். நூலை வெல்ஸ் அவருக்கே காணிக்கை ஆக்கியிருக்கிறார். அன்னியப் படை இங்கிலாந்தில் புகுவதாக எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. ஜார்ஜ் செஸ்னி 1871இல் எழுதிய ‘தி பேட்டில் ஆஃப் டோர்க்கிங்’ அதைத் தொடங்கிவைத்தது. அங்கே வருவது ஜெர்மானியப் படை. வெல்ஸ் அந்த இடத்தில் செவ்வாய்க்காரர்களை வைத்தார்.

செவ்வாய் ஏன்? 1877இல் இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி அங்கே கோடுகளைப் பார்த்ததாகச் சொன்னார். 1895இல் அமெரிக்கரான பெர்சிவல் லோவல், அவை அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்று புத்தகமே எழுதினார். அப்புறம், ‘நேச்சர்’ அறிவியல் ஏட்டின் 1894 ஆகஸ்ட் 2 இதழில் செவ்வாயில் தெரிந்த ஒரு விசித்திர ஒளியைப் பற்றி உண்மையாகவே குறிப்பு வந்தது. வெல்ஸ் அந்தத் தேதியை அப்படியே நாவலுக்குள் வைத்து, அது பூமியைக் குறிவைத்து வார்க்கப்பட்ட ராட்சதப் பீரங்கியின் ஒளியாக இருக்கலாம் என்கிறார். அன்றைய வாசகர் பழைய இதழை எடுத்துச் சரிபார்த்திருந்தால் குறிப்பு அங்கே இருந்திருக்கும். எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த வேலைகளில் இது ஒன்று.

இன்னொன்று, ஊர். வெல்ஸ் அப்போது வோக்கிங் என்ற சிற்றூரில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு வீட்டில் குடியிருந்தார். புதிதாகச் சைக்கிள் பழகி அக்கம்பக்கமெல்லாம் சுற்றினார். செவ்வாய்க்காரர்கள் அழிப்பதற்குத் தோதான இடங்களையும் ஆட்களையும் அப்படித்தான் குறித்துவைத்துக்கொண்டதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். முதல் உருளை விழும் ஹார்செல் பொதுவெளியின் மணல்குழியை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

நாவல் இவ்வளவு காலம் நிற்பதற்கு இந்த ஊர்ப்பிடிப்புதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். புத்தகம் வெளிவந்த 1898இலேயே ‘பாஸ்டன் போஸ்ட்’ நாளிதழ் கதையைப் பாஸ்டன் நகருக்கு மாற்றி, வெல்ஸின் விருப்பத்துக்கு எதிராகத் தொடராக வெளியிட்டது. 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்க நடிகர் ஆர்சன் வெல்ஸ் (இவர் வேறு வெல்ஸ்) வானொலி நாடகமாக்கியபோது உருளை நியூஜெர்சியின் குரோவர்ஸ் மில்லில் விழுந்தது. அமெரிக்காவே பீதியில் ஓடியதாகச் சொல்வது பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியது என்று பல ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உண்மையில் விபரீதம் நடந்தது ஈக்வடாரின் கீட்டோவில். 1949 பிப்ரவரியில் அங்கே உள்ளூர்ப் பெயர்களோடு நாடகம் ஒலிபரப்பானது. செய்தி என்று நம்பிய மக்கள், நாடகம் என்று தெரிந்ததும் ஆத்திரத்தில் வானொலி நிலையக் கட்டடத்துக்கே தீவைத்தார்கள். உயிர்கள் போயின.

அந்தப் பாஸ்டன் தொடரைப் பதின்வயதில் படித்த பையன் ஒருவன் உண்டு. பெயர் ராபர்ட் கோடார்டு. 1899 அக்டோபர் 19 அன்று செர்ரி மரமேறிக் கிளை வெட்டிக்கொண்டிருந்தபோது, செவ்வாய்வரை போகும் ஒரு கருவியைச் செய்தால் என்ன என்ற எண்ணம் அவனுக்கு வந்தது. அந்த நாளை அவர் ஆயுள் முழுக்க நினைவுநாளாகக் கொண்டாடினார். 1926 மார்ச் 16 அன்று உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்டவர் அவர்தான். 1932இல் வெல்ஸுக்கே கடிதம் எழுதி, அந்தக் கதை தன்மேல் செலுத்திய பாதிப்பைச் சொன்னார்.

முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்காரர்களை ராணுவம் வெல்லவில்லை, நுண்கிருமிகள் கொல்கின்றன. எழுத்தாளர் சுலபமாகத் தப்பித்துவிட்டார் என்று சிலர் குறைப்படுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாவலின் முதல் வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள். ஒரு சொட்டு நீரில் நெளியும் உயிர்களை நுண்ணோக்கியில் மனிதன் பார்ப்பதுபோல நம்மை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று வருகிறது. கொல்லப்போகிற கிருமி அங்கேயே வந்துவிட்டது. வெல்ஸ் டி.எச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தவர், டார்வினை நன்றாக உள்வாங்கியவர். அந்தக் கிருமிகளுக்கு எதிரான நம் தாக்குப்பிடிப்பு எண்ணற்ற தலைமுறைகள் செத்துச் சேர்த்த சொத்து என்று தெளிவாகவே எழுதுகிறார். உண்மை வரலாற்றில் அமெரிக்கக் கண்டங்களில் பெரியம்மை குடியேறிகளின் பக்கம் நின்று பூர்வகுடிகளைக் கொன்றது. இங்கே நோய் மண்ணின் மக்கள் பக்கம் நிற்கிறது. பேரரசுக் கதையை இதைவிடச் சரியாகத் தலைகீழாக்க முடியாது.

படம் மட்டும் பார்த்தவர்கள் அவசியம் நூலையும் படியுங்கள். காப்புரிமை முடிந்துவிட்டது, குட்டன்பர்க் என்ற இணைய நூலகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ‘தண்டர் சைல்ட்’ போர்க்கப்பல், அகதிகள் நிறைந்த நீராவிக் கப்பலைக் காக்க மூன்று எந்திரங்களை நோக்கி நேராகப் பாயும் அத்தியாயம் முதல் பாகத்தின் கடைசியில் வரும். அதுவரையாவது வந்துவிடுங்கள்.