வீடு கடலூரில், பள்ளி புதுச்சேரியில்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் வீடு ரெட்டிச்சாவடியில். மகள் பாகூர் பக்கம் புதுச்சேரி அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். ஒன்பதாம் வகுப்புக்குக் கடலூர் அரசுப் பள்ளியில் சேர்த்தால் 7.5 சதவீத ஒதுக்கீடும் புதுமைப்பெண் உதவித்தொகையும் கிடைக்குமா?
— வாசகி, ரெட்டிச்சாவடி

இரண்டும் கிடைக்காது. மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்காது. ஒரே ஒரு விலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். உங்கள் மகளின் ஆறு, ஏழு, எட்டு மூன்றும் அரசுப் பள்ளிதான் என்றாலும் அது வேறு அரசின் பள்ளி. கல்லூரியில் சேரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு என்பதே கணக்கு.

அப்படியானால் அங்கேயே படிக்கட்டும், புதுச்சேரியின் ஒதுக்கீடாவது கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ்.ஸில் 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023இல் வந்தது உண்மைதான். ஆனால் புதுச்சேரியின் சேர்க்கைக் குழுவான சென்டாக் நிரப்பும் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் புதுச்சேரி குடியிருப்பும் வேண்டும். உங்கள் முகவரி தமிழ்நாடு. பள்ளி அங்கே, முகவரி இங்கே என்ற இந்த இரண்டும் கெட்டான் நிலை எல்லையோரக் கிராமங்கள் பலவற்றில் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். எந்தப் பள்ளியின் சேர்க்கைப் படிவத்திலும் இது அச்சாகியிருப்பதில்லை.

தமிழ்நாட்டின் பொதுவான மாநில ஒதுக்கீட்டில் உங்கள் மகள் போட்டியிடலாம், கதவு மூடவில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பிறப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. வெளியே சில வகுப்புகள் படித்தவர்களுக்குத் தேவை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்க வேண்டும். பெற்றோரின் ஆவணங்களும் கேட்பார்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் ஓடாமல் முன்னதாகவே வாங்கி வையுங்கள்.

பாடத்திட்டத்தையும் யோசியுங்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. முதல் பொதுத்தேர்வையும் 2025இல் எழுதிவிட்டார்கள். சி.பி.எஸ்.இ. வாரியம் மாணவர்களை ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றிலும் பதிவு செய்கிறது. பத்திலோ பன்னிரண்டிலோ நேரடியாகச் சேர்வதென்றால் பெற்றோர் பணியிட மாற்றம் போன்ற காரணம் காட்டி வாரியத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். ஆகவே எந்தப் பக்கம் மாறுவதானாலும் ஒன்பதாம் வகுப்பு அல்லது பதினொன்றாம் வகுப்புத் தொடக்கத்தில் மாறுங்கள். ஒதுக்கீட்டுக் கணக்கு ஆறாம் வகுப்பிலேயே தொடங்குவதால், இப்போது ஐந்தாம் வகுப்பில் பிள்ளை உள்ளவர்கள் இந்த ஆண்டே முடிவெடுத்துவிடுவது நல்லது.

கட்டணப் பாக்கி இருப்பதால் தனியார் பள்ளி டி.சி. தர மறுக்கிறது. டி.சி. இல்லாமல் எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளம்) ஏற்ற முடியாது என்று அரசுப் பள்ளியில் சொல்கிறார்கள். பையன் ஏழாம் வகுப்பு.
— வாசகர், நெல்லிக்குப்பம்

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 5ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. சான்றிதழைத் தாமதிக்கும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. இந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான். ஆனால் கட்டணம் வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது, பாக்கி என்று அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. பாக்கியை வசூலிக்கப் பள்ளிக்குச் சட்டப்படியான வேறு வழிகள் உண்டு.

சிக்கல் பெரும்பாலும் கணினியில்தான். பழைய பள்ளி எமிஸில் மாணவனைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காத வரை புதிய பள்ளியின் பட்டியலில் அவன் பெயர் ஏறாது. ஏறாவிட்டால் பாடநூல், சீருடை எண்ணிக்கையில் அவன் இருக்க மாட்டான். அதனால்தான் தலைமையாசிரியர் தயங்குகிறார், அவர் பயத்திலும் நியாயம் உண்டு. நீங்கள் செய்ய வேண்டியது: அரசுப் பள்ளியில் சேர்க்கை விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வகுப்பில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். அதற்கு எமிஸ் தேவையில்லை. பழைய பள்ளிக்குப் பதிவுத் தபாலில் டி.சி. கேட்டுக் கடிதம் அனுப்பி, அதன் நகலைத் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்குக் கொடுங்கள். கடிதத்தில் மாணவனின் எமிஸ் எண், வகுப்பு, விடுவிக்கக் கேட்ட தேதி மூன்றும் இருக்கட்டும். வாய்மொழியாக எத்தனை முறை கேட்டாலும் கோப்பில் எதுவும் சேராது.

டி.சி. கைக்கு வந்ததும் அங்கேயே நின்று சரிபாருங்கள்: பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, சாதிப் பிரிவு, உயர் வகுப்புக்குத் தகுதி பெற்றாரா என்ற பத்தி. எல்லை தாண்டும் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு வேலை. பழைய பள்ளி எல்லையின் எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் கல்வி அலுவலரின் மேலொப்பம் வாங்க வேண்டும். எமிஸ் தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்பதால் நாடு முழுவதற்குமான யூடைஸ் தளத்தின் 11 இலக்க நிரந்தரக் கல்வி எண்ணையும் குறித்து வாங்க வேண்டும். ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால், டி.சி.யில் முன்னால் என்றிருந்தால் பொருந்தாது என்று கணினி திருப்பி அனுப்பும். ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே இதை ஒழுங்கு செய்யாதவர்கள் மதிப்பெண் பட்டியல் அச்சான பிறகு அலைகிறார்கள்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 63 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். மூன்றாவது ஆசிரியரை எப்படிக் கேட்பது?
— பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், குறிஞ்சிப்பாடி வட்டாரம்

உங்களுக்கு மூவர் வர வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு இருவர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர். எந்தத் தேதியில் எண்ணுகிறார்கள் என்பதுதான் முக்கியம். தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியிட நிர்ணயம் நடக்கிறது. அன்று 60 பேர் இருந்து செப்டம்பரில் மூவர் சேர்ந்தால் அந்த ஆண்டு இரண்டே பணியிடம்தான். எமிஸில் ஏறாத பிள்ளையும் எண்ணிக்கையில் இல்லை. ஜூலைக் கூட்டத்திலேயே பதிவேட்டையும் எமிஸ் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இப்போது எண்ணிக்கை சரியாக இருந்தும் ஆள் இல்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. பணியிடம் ஒப்பளிக்கப்பட்டும் நிரப்பப்படவில்லை, அல்லது அந்த ஆசிரியர் மாற்றுப்பணியில் வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ இருக்கிறார். இரண்டாவதில் தாளில் பள்ளி நிரம்பியே இருக்கும். வட்டாரக் கல்வி அலுவலரும் காலியிடம் இல்லை என்று பொய் சொல்லாமலே சொல்லிவிட முடியும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு நான்கு கேள்வி கேளுங்கள்: கடந்த ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கை, ஒப்பளிக்கப்பட்ட பணியிடம், ஊதியம் பெறும் ஆசிரியர்கள், அவர்களில் மாற்றுப்பணியில் இருப்பவர்களும் அதற்கான ஆணை நகலும். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள்; விளக்கம் என்பது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அந்தப் பதிலை இணைத்து மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்புங்கள். ‘ஆசிரியர் தேவை’ என்று ஒரு வரியில் முடிக்காமல், எந்தெந்த வகுப்புகள் சேர்த்து நடத்தப்படுகின்றன என்று எழுத வேண்டும். அருகிலுள்ள பள்ளியில் உபரி ஆசிரியர் இருந்தால் பணி நிரவலில் உங்களுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பள்ளியின் எண்ணிக்கையையும் விசாரித்து வையுங்கள். சொந்தப் பணத்தில் ஊரே ஒரு டீச்சரை வைத்துக்கொள்வது உடனடித் தேவைக்கு உதவும். ஆனால் குறை தெரியாமல் போவதால் கோரிக்கை கிடப்பில் போய்விடும். செய்வதானால் கடிதப் போக்குவரத்தை நிறுத்தாமல் செய்யுங்கள்.

பள்ளி மானியம் எவ்வளவு வருகிறது என்று பெற்றோர் கேட்கலாமா?
— வாசகர், பண்ருட்டி

தாராளமாகக் கேட்கலாம். மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது மேலாண்மைக் குழுவுக்குச் சட்டம் தந்த வேலை. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் ஒருங்கிணைந்த மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. 2024-25இல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான நிதியை நிறுத்தி வைத்ததையும் நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தலைமையாசிரியர் ‘வரவில்லை’ என்றால் அது உண்மையாகவே இருக்கலாம். வங்கி அறிக்கையைக் கூட்டத்தில் வைக்கச் சொல்லிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

கடலூர் மாவட்டத்துக்கு மழை விடுமுறை விட்டார்கள், புதுச்சேரிக்கு விடவில்லை. கடலூரிலிருந்து போகும் பிள்ளைக்கு வருகைப் பதிவு உண்டா?
— வாசகி, மஞ்சக்குப்பம்

தமிழ்நாட்டில் விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிக்கிறார், அங்கே புதுச்சேரி அரசு. பள்ளி எந்தப் பக்கமோ அந்த அறிவிப்புதான் செல்லும். அன்று போகாவிட்டால் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்றே இருக்கும். தண்ணீர் நிற்கும் சாலையில் பிள்ளையை அனுப்ப வேண்டாம். மறுநாள் விடுப்புக் கடிதத்தில் கடலூர் ஆட்சியரின் அறிவிப்பைக் குறிப்பிட்டுக் கொடுத்து, வகுப்பாசிரியரிடம் கையொப்பம் வாங்குங்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு சி.பி.எஸ்.இ. 75 சதவீத வருகை கேட்கிறது. குறைந்தால் விலக்குக் கேட்கும்போது அந்தக் கடிதங்கள்தான் கைகொடுக்கும்.