தோல்வி நிச்சயம் என்று தெரிந்தும் பெருவின் கர்னல் பொலோக்னேசி சரணடைய மறுத்தது வீரமா, வீண்பிடிவாதமா?

இரண்டு நிமிடக் காணொளி எதையோ பார்த்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "கடைசித் தோட்டா தீரும்வரை" என்ற ஒரு வரியைத்தான் எல்லாரும் எடுத்துப் போடுகிறார்கள். அதற்கு முன்னால் நடந்ததை யாரும் சொல்வதில்லை.

நான் சரக்குக் கப்பலில் மூன்றாம் இன்ஜினியராக இருந்தவன். 2020 ஜூனில் எங்கள் கப்பல், அன்று பெருவிடமும் இன்று சிலியிடமும் உள்ள அரிக்கா துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தது. கொரோனா காலம், கரையில் கால் வைக்க அனுமதி இல்லை. ஊருக்கு மேலே செங்குத்தாக நிற்கும் மோரோ குன்றைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜூன் 7 காலை வேலை முடிந்து மேல்தளத்துக்கு வந்தேன். எங்களோடு இருந்த பெரு நாட்டு மாலுமி, கிரீஸ் படிந்த கையைக் கந்தல் துணியில் துடைத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, குன்றைப் பார்த்து அசையாமல் நின்றார். உச்சியில் பறப்பதோ சிலியின் கொடி. பெருவில் அன்று கொடி நாள் என்றும், பொலோக்னேசி செத்த இடம் அதுதான் என்றும் பிறகு சொன்னார்.

பொலோக்னேசியின் அப்பா இத்தாலியிலிருந்து வந்த வயலின் கலைஞர். மகன் 1816இல் லிமாவில் பிறந்து, அரெக்கிப்பாவில் வளர்ந்து, வியாபாரம் செய்து, 1853இல்தான் ராணுவத்துக்கு வந்தார். 1879இல் வெடியுப்புப் பாலைவனத்துக்காகச் சிலியோடு போர் மூண்டபோது அவர் ஓய்வு பெற்றவர், வயது 62. வீட்டில் இருந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தானாகக் கேட்டுக்கொண்டு தெற்கே போனார். அந்த நவம்பரில் தாராப்பாக்கா சண்டையின்போது காய்ச்சலில் படுத்திருந்தவர், எழுந்து வந்து படை நடத்தினார்.

1880 மே 26 அன்று தாக்னாவில் பெருவும் அதன் கூட்டாளி பொலிவியாவும் சிலியிடம் தோற்றன. எஞ்சிய படை பின்வாங்கிப் போக, அரிக்கா தனித்துவிடப்பட்டது. கடலை சிலியின் கப்பல்கள் அடைத்திருந்தன. அரிக்காவைக் காத்து நின்ற பொலோக்னேசியிடம் இருந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. எதிரே ஐயாயிரத்துக்கும் மேல். ஜூன் 5 அன்று சிலியின் தூதராக மேஜர் சால்வோ வந்து சரணடையச் சொன்னபோதுதான் "கடைசித் தோட்டா தீரும்வரை" என்ற அந்தப் புகழ்பெற்ற பதில் வந்தது. ஒரு கிழவரின் வீம்புக்காக மற்றவர்கள் செத்தார்கள் என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அவர் தன் அதிகாரிகளைக் கூட்டிக் கேட்டார், அவர்களும் அதே பதிலைத்தான் சொன்னார்கள்.

அதோடு, அவர் உதவி கேட்காமலும் இல்லை. அரெக்கிப்பா பக்கமிருந்து வரவேண்டிய கர்னல் லெய்வாவின் படையை எதிர்பார்த்து, "லெய்வா, விரைந்து வாருங்கள்" என்று தந்தி அடித்தார். படை வந்து சேரவில்லை.

இந்த இடத்தில் என்னால் நிதானமாக எழுத முடியவில்லை. அந்தக் கொரோனா ஆண்டில் எங்கள் ஒப்பந்தம் ஒன்பது மாதம். கப்பலில் கழிந்தது பதினைந்து மாதம். ஊருக்கு அனுப்புங்கள் என்று நிறுவனத்துக்கு வாரம் தவறாமல் மின்னஞ்சல் எழுதினோம். "அடுத்த துறைமுகத்தில் பார்க்கலாம்" என்பதே பதில். பிறகு அதுவும் நின்றது. என் தாத்தாவின் காரியத்தை வீடியோ அழைப்பில் பார்த்தேன். போரையும் இதையும் ஒப்பிடுவதா என்று கேட்பீர்கள். ஒப்பிடவில்லை. கேட்டவனுக்குப் பதில் வராமல் போவது எப்படியிருக்கும் என்று தெரியும், அவ்வளவுதான்.

சிலியைப் பழிப்பதும் என் நோக்கமில்லை. அவர்களும் அதே போரில் இக்கிக்கே கடற்சண்டையில் தோற்று உயிர்விட்ட தங்கள் கேப்டன் ப்ராத்தைத்தான் கொண்டாடுகிறார்கள்.

ஜூன் 7 விடிகாலையில் தாக்குதல் தொடங்கியது. காலைக்குள் குன்று வீழ்ந்தது. பொலோக்னேசி உச்சியில் செத்தார். அடுத்த ஜனவரியில் லிமாவைக் காக்க நடந்த சண்டைகளில் அவருடைய மகன்கள் என்ரிக்கே, அகுஸ்தோ இருவரும் உயிர்விட்டார்கள். பிடிவாதம் என்ற சொல்லை அந்தக் குடும்பத்தின் முன்னால் என்னால் சொல்ல முடியாது.

அரிக்காவைப் பார்த்து இரண்டாண்டு கழித்து, பெருவின் காயாவோ துறைமுகத்தில் இறங்க எனக்கு அனுமதி கிடைத்தது. 1905இல் லிமாவில் அவருக்கு வைத்த முதல் சிலையில், கொடியைப் பற்றியபடி சாய்கிறார். விழுகிற மாதிரி இருக்கக்கூடாது என்று 1954இல் அதை எடுத்துவிட்டு, நிமிர்ந்து நிற்கும் சிலையை வைத்தார்கள். பழையது காயாவோவின் ரியால் பெலிப்பே கோட்டையில் இருக்கிறது. நான் கப்பலுக்குத் திரும்ப நேரமாகும்வரை அதன் முன்னால்தான் நின்றேன்.