ஆக்டேவியா ஆசை, ஆல்டிஸ் கணக்கு

கேள்வி: வயது 41. மடிப்பாக்கத்தில் வீடு, சோழிங்கநல்லூரில் வேலை. மாதம் ஒருமுறை அப்பா அம்மாவைப் பார்க்கக் காரைக்குடி போவோம். கையில் இருப்பது 7 லட்சம். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. இரண்டு டீசல் கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2015 ஸ்கோடா ஆக்டேவியா 2.0 ஆட்டோமேட்டிக். செகண்ட் ஓனர், 1,12,000 கி.மீ., வேளச்சேரியில் ஒரு அபார்ட்மென்டில் நிற்கிறது, 6.8 லட்சம் சொல்கிறார்கள். இன்னொன்று 2016 டொயோட்டா கரோலா ஆல்டிஸ். ஒரே ஓனர், 84,000 கி.மீ., அண்ணா நகரில் ரிட்டயர்டு வங்கி அதிகாரி ஒருவருடையது, 5.9 லட்சம். ஆக்டேவியாவை மதுரவாயல் பைபாஸில் ஓட்டிப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மனைவி ஆல்டிஸ் என்கிறார். பின்சீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். எதை வாங்கட்டும் சார்?
- பெயர் வேண்டாம், மடிப்பாக்கம்

பதில்: தூக்கம் வராமல் போனதில் தப்பே இல்லை. அந்த 2 லிட்டர் டீசல் 143 குதிரைசக்தி, 320 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. ஆல்டிஸில் இருப்பது 1364 சி.சி., 88 குதிரை, 205 நியூட்டன் மீட்டர். ஐந்து பேர், ஏ.சி., டிக்கி நிறைய ஊர் அரிசி என்று திண்டிவனம் தாண்டி ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால், ஆக்டேவியாவில் காலை அழுத்தினால் போதும். ஆல்டிஸில் இரண்டு கியர் இறக்கி, எதிரே வருவதை ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்து, அப்புறம்தான் வெளியே எடுக்கணும். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கும் ஆக்டேவியாதான் பிடிக்கும்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்வது ஆல்டிஸ். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: “அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.”

6.8-க்கு வாங்கினால் மிச்சம் 20,000. பெயர் மாற்றமும் இன்ஷூரன்ஸும் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இப்போது மீட்டரைப் பாருங்கள். டிஎஸ்ஜி எனப்படும் அந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயில் நனையும் கிளட்ச் உள்ள 6 ஸ்பீடு வகை. நல்ல பெட்டிதான், பெட்ரோல் ஆக்டேவியாவில் வந்த 7 ஸ்பீடு உலர் கிளட்ச்சை விட இதைத் தைரியமாக நம்பலாம். ஆனால் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆகணும். 1,12,000-த்தில் விற்கிறார் என்றால் இரண்டாவது தடவை மாற்ற வேண்டிய நேரம் இன்னும் 8,000 கி.மீ.யில் வருகிறது. முதல் தடவை மாற்றினாரா? பில் கேளுங்கள். “எல்லாம் ஷோரூம் சர்வீஸ்தான் சார்” என்பது பில் ஆகாது.

அடுத்தது, இன்ஜினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் தாளம் தப்பாமல் ஓட்டும் டைமிங் பெல்ட். ஆக்டேவியாவுக்கு பெல்ட், ஆல்டிஸுக்கு செயின். பத்து வருஷ ரப்பர் பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் இன்ஜின் ஹெட்டைக் கழற்றாமல் தீராது. வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் சுற்றுவதால் அதையும் சேர்த்தே மாற்றணும். கியர்பாக்ஸ் ஆயில், பெல்ட், பம்ப் என்று என் கணக்கில் குறைந்தது 50,000 ஒதுக்கணும். அந்தப் பணம் உங்களிடம் இல்லை. வாங்கும் காசு மட்டும் இருந்து பராமரிக்கும் காசு இல்லாதவரிடம் இந்தக் கார் போனால், பாவம், காரும் கெடும்.

இனி வேளச்சேரி. அந்த ஊர் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தையும் பார்த்த ஊர் அது, அதுவும் அபார்ட்மென்ட் பார்க்கிங். எனக்கே ஒருமுறை பட்ட அனுபவம் உண்டு. 2016 தொடக்கத்தில் என் மச்சானுக்காக ஒரு டீசல் செடான் பார்த்தேன். புது சீட் கவர், டேஷ்போர்டில் பளபளப்பு, உள்ளே மல்லிகை வாசனை ஸ்ப்ரே. முப்பது வருஷம் ஸ்பானர் பிடித்த கைக்கே அந்த மல்லிகை வாசனை சந்தேகம் தரவில்லை. ஆறு வாரம் கழித்து கத்திப்பாரா மேம்பாலத்தில் பவர் விண்டோ தானாக இறங்கியது, ஏற மறுத்தது. சீட்டைக் கழற்றினால் கார்பெட்டுக்கு அடியில் காய்ந்த வண்டல், ஒயர் கனெக்டர் முழுக்கப் பச்சைக் களிம்பு. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்தேன். நம் கண்ணுக்குத் தெரியும் பாகம் சுத்தம். உள்ளே சுருண்டு கிடந்த கடைசி ஒரு முழத்தில் டீ சிந்தின மாதிரி ஒரு கோடு. தண்ணீர் நின்ற மட்டம் அது! மச்சான் இன்றைக்கும் கல்யாண வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார், நான் சிரிப்பதில்லை.

அதனால் எந்தக் காராக இருந்தாலும் நான்கு சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியில் விரலை விட்டுத் தடவுங்கள். சீட் ரெயிலுக்கு அடியில் டார்ச் அடியுங்கள். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளையும் கேளுங்கள். ஒரே ஓனர் வருஷக்கணக்காக வைத்திருந்த காருக்கு 2024 பாலிசியில் நோ க்ளைம் போனஸ் (க்ளைம் வாங்காத வருஷங்களுக்கான தள்ளுபடி) திடீரென்று பூஜ்யம் ஆகியிருந்தால், முந்தின வருஷம் என்ன க்ளைம் என்று அவர்தான் விளக்கணும்.

ஆல்டிஸுக்கு வருவோம். அந்த இன்ஜினின் தம்பிதான் எட்டியோஸ் டீசலில் ஓடுவது. அதே 1364 சி.சி., பவர் கம்மி. ஏர்போர்ட்டில் லட்சக்கணக்கில் கி.மீ. தாண்டிய எட்டியோஸ் டாக்ஸிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த இன்ஜினைத் திறந்து மூடத் தெரிந்தவர் தாம்பரத்திலும் உண்டு, காரைக்குடியிலும் உண்டு. பின்சீட் தரை கிட்டத்தட்ட சமம்; நடுவில் உட்காருபவர் காலை மடக்கிக்கொண்டு வர வேண்டாம். ஆக்டேவியாவில் நடுவே மேடு உண்டு. மாமியாரின் ஓட்டும் இதற்குத்தான் விழும். டிக்கியில் மட்டும் ஆக்டேவியா ஜெயிக்கும்: அங்கே 590 லிட்டர், கண்ணாடியோடு சேர்ந்து திறக்கும் கதவு, இங்கே 470.

குறை இல்லாமல் இல்லை. ஆல்டிஸ் டீசல் மேனுவலில் மட்டும்தான் வந்தது. பெரும்பாக்கம் வழியாக ஆபீஸ் போய் வர இடது கால் உழைக்கத்தான் வேண்டும். முட்டிவலி இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், பதிலே மாறலாம்.

டீசல் செலவு பெரிய விஷயமில்லை. மாதம் 1,500 கி.மீ. ஓட்டத்தில் ஆல்டிஸ் 16, ஆக்டேவியா 13 கொடுக்கும் என்று வைத்தாலும் வித்தியாசம் 2,000 ரூபாயை ஒட்டித்தான்.

அண்ணா நகர் காரைப் பார்க்கக் காலை 6 மணிக்குப் போங்கள், முன்கூட்டிச் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னால் மரியாதையாக இருக்காது. “ஸ்டார்ட் பண்ணாம வைங்க சார்” என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ காரணத்துக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபு என்று தள்ளினால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். பெரியவர்கள் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் எடுக்கிற டீசலில், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு கரி பிடித்திருக்கும், அது சுத்தம் செய்தால் சரியாகிவிடும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3216 என்றால் 2016-ம் வருஷம் 32-வது வாரம். பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் அந்த டயரில் காரைக்குடி போகாதீர்கள். டயரைக் காட்டியே விலையை 5.6-க்குக் கொண்டுவந்து, குறைத்த காசில் நாலு டயர் போடுங்கள்.

கேள்வி: டெல்லி நம்பர் டீசல் ஸ்கோடா சூப்பர்ப் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: பாதி விலைக்குக் காரணம் உண்டு. டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. தமிழ்நாட்டில் அந்த விதி இல்லை. 15 வருஷம் முடிந்தபின் ஆர்.டி.ஓ.வில் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கலாம். ஆனால் டெல்லி என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, நம் ஊர் சாலை வரியும் கட்டணும். இதையெல்லாம் கூட்டினால் பாதி விலை முக்கால் விலை ஆகும். என்.ஓ.சி. அசலைக் கையில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோ செல்லாது.

கேள்வி: இ20 பெட்ரோலுக்குப் பயந்து டீசலுக்கு மாறலாமா? வாரம் 30 கி.மீ.தான் ஓட்டுவேன்.
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. 20 சதவீத எத்தனால் கலப்பது பெட்ரோலில்தான், அது உண்மை. ஆனால் வாரம் 30 கி.மீ. ஓடும் டீசல் கரி பிடித்தே செத்துப்போகும். இருக்கிற காரையே வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாடலாக இருந்தால் பெட்ரோல் பைப்பின் ரப்பரை மட்டும் அடுத்த சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.